அக்காவின் இரண்டு சாட்சிகள்

அக்காவுக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் ஒரு கம்பெனியில் அவள் செக்கர். வெள்ளை மேசை, தலைக்கு மேலே இரட்டை டியூப் லைட், இடப்பக்கம் தைத்து வந்த சட்டைகளின் குவியல். ஒவ்வொன்றையும் விரித்து, காலர், தோள், கைமடிப்பு, கீழ் ஓரம் என்று கண்ணை ஓட்டுவாள். தையல் விட்டிருந்தால், நூல் தொங்கினால், அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிப் போடுவாள். அவள் கையிலிருந்து போன பெட்டி திரும்பி வராது என்று கம்பெனியில் பேர்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. நான் நெமிலிச்சேரிக்கு அவளைப் பார்க்கப் போனால், "வா" என்பதற்கு முன்பே என் சட்டைப் பையின் மூலையில் நூல் பிரிந்திருப்பதைச் சொல்வாள். நாளிதழில் செய்திகளைத் திருத்துவது என் பிழைப்பாக இருந்தது. அங்கேயும் தவறுகளைத்தான் தேடினோம். ஆனால் அக்கா அளவுக்கு என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.

சர்க்கரை அவளுக்கு ரொம்ப நாளாக இருந்தது. ஐம்பதை நெருங்கியபோது ரத்தமும் குறைந்தது. மாதவிலக்கு நிற்கும் வயதில் சிலருக்கு வரும் அதிகப்படியான ரத்தப்போக்கு அவளுக்கும் வந்தது. உதடு வெளுத்து, நகம் வெளுத்து, ஸ்டேஷன் படிக்கட்டில் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வாள். பின்னால் வருகிறவர்கள் முணுமுணுத்தபடி விலகிப் போவார்கள். சர்க்கரைக்குக் காலையும் இரவும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரத்தத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. களைப்பையும் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் அடுத்த தெருவில் ஒரு நியூட்ரிஷன் கிளப் வந்தது. முன்பு இன்சூரன்ஸ் பாலிசி பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, தன் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் பச்சைப் பாய் விரித்து, எடை பார்க்கும் மிஷின் வைத்து, ஒரு ஸ்பீக்கரும் வாங்கிப் போட்டார். எல்லோரும் அவரைக் கோச் என்றார்கள். விடிவதற்குள் உடற்பயிற்சி, அதன் பிறகு புரதப் பொடியை அடித்துக் கலக்கிய ஷேக் ஒரு பெரிய கிளாஸ் நிறைய, கூடவே அவரவர் உடம்புக்குத் தக்க மாத்திரைகள். அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தவர் கோச்தான். அது சரியான மாத்திரை. அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, இது முதல் நாளிலிருந்தே வேடிக்கைதான். அம்பத்தூரை அடுத்த பாடியில் ஒரு பழைய தொழிற்சாலையில் லேத் மிஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"இன்னாம்மா, அந்தக் கூழ குடிச்சிட்டு டான்ஸ் ஆடுனா சக்கர பயந்துகினு ஓடிப்பூடுமா?"

"நீ சோபால சாஞ்சிகினு டிவி பாக்கறியே, அதுக்கு ஓடிப்பூடுதா? வந்து ரெண்டு குதி குதிச்சுப் பாரு. உன் தொப்ப எங்க கீது, நீ எங்க கீறனு தெரியும்."

ஒரு விடுமுறை நாளில் நானும் போய்ப் பார்த்தேன். பதினைந்து பெண்கள் இருக்கலாம், எல்லோரும் கிளப் கொடுத்த ஒரே பச்சை டி-ஷர்ட்டில். சிலர் அதைச் சுடிதாருக்கு மேலேயே போட்டிருந்தார்கள். வேகத்தைக் கூட்டிய சினிமாப் பாட்டுக்குக் கைகளை வீசி, குனிந்து, நிமிர்ந்து, குதித்தார்கள். கோச் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். "இன்னும் நாலு, சிஸ்டர்! ஊட்ல மாமியார நெனச்சிகினு ஒரு குத்து!" சிரிப்பும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தன. என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணா, வயிறு முன்னாடி வந்துடுச்சு, நீங்கதான் லேட்டு" என்றார். அக்கா அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

பயிற்சி முடிந்ததும் வட்டமாக நின்றார்கள். ஒருவர் ஒரு அடி முன்னே வந்து, எவ்வளவு எடை குறைந்தது, எந்த வலி போனது என்று சொல்வார். அதற்குப் பேர் ரிசல்ட். சொல்லி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடியும் மூன்று தட்டு. பிறகு அடுத்தவர்.

அந்த வட்டம் எனக்கும் அக்காவுக்கும் பழக்கமானது. நாங்கள் வளர்ந்த சபை சிறியது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம் உண்டு. ஜுரம் போனவர், வேலை கிடைத்தவர், குடியை விட்டவர் எழுந்து நின்று சொல்வார்கள். சபையார் ஸ்தோத்திரம் சொல்வார்கள். சாட்சி சொன்னவர் மறுபடியும் பழைய நிலைக்குப் போனால் அவரைப் பின்மாற்றக்காரர் என்பார்கள். குடியை விட்டதாகச் சாட்சி சொன்ன ஒருவரை ஆவடி பஸ் ஸ்டாண்டில் தள்ளாடும் நிலையில் அப்பா பார்த்தார். யாரும் அந்த மனிதரைத் திட்டவில்லை. அவர் வீட்டில் நடக்கும் ஜெபத்துக்குப் போவதைத்தான் நிறுத்தினார்கள். அக்காவும் நானும் இதைப் பார்த்து வளர்ந்தோம். நான் பிறகு சபைக்குப் போவதை விட்டுவிட்டேன். அவள் விடவில்லை.

சில மாதங்களில் அக்காவின் உடம்பு கண்ணுக்குத் தெரியும்படி மாறியது. எடை இறங்கியது. உதட்டில் நிறம் வந்தது. ஸ்டேஷன் படிக்கட்டில் நிற்காமல் ஏறினாள். மேலே போய்த் திரும்பி, எனக்காகக் காத்து நின்றாள். "இன்னாடா, மூச்சு வாங்குது? நீயும் வந்து சேந்துடு." இதில் பொய் எதுவுமில்லை. நடக்காத உடம்பு நடந்தால், குதித்தால், தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். இரும்பு இல்லாத ரத்தத்துக்கு இரும்பு கிடைத்தால் மூச்சு நீளும். உடற்பயிற்சியும் மாத்திரையும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தன.

பிறகு பரிசோதனை செய்து பார்த்தாள். கிளப்பில் சேர்ந்தபோது எடுத்த சோதனையில் எட்டாக இருந்த ரத்த அளவு பன்னிரண்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. எல்லோரும் மூணு மாச சுகர் என்று சொல்லும் அந்தச் சோதனை ஒன்பதுக்கு மேலிருந்து ஆறரைக்கு இறங்கியிருந்தது. போனில் எனக்கு அந்த எண்ணை இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

அந்த வாரமே சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

கோச் நிறுத்தச் சொன்னாரா என்று பிற்பாடு அக்காவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இல்லை, அப்படிச் சொல்லவில்லை. "இன்னும் எதுக்கு சிஸ்டர் மாத்திரை? உங்க பாடிக்கே தெரிஞ்சிடுச்சே, சுகர எப்படி வெச்சிக்கணும்னு" என்று கேட்டார். அவ்வளவுதான். கேள்வியாகக் கேட்டால் பிறகு தன்மேல் பழி வராது என்று கணக்குப் போட்டு அவர் அப்படிக் கேட்கவில்லை. அப்படிக் கேட்பதுதான் கிளப்பில் அவர்கள் பேசும் விதம்.

"டாக்டரக் கேட்டியாக்கா?" என்றேன்.

"ரிப்போர்ட்டே சொல்லுது. டாக்டரு தனியா இன்னா சொல்லப்போறாரு?"

ஆறரை என்ற எண் எனக்கும் போதுமானதாக இருந்தது.

அவள் வட்டத்தில் முன்னே வந்து சொன்னாள். ரத்தம் ஏறியதையும், சர்க்கரை இறங்கியதையும், மாத்திரையை விட்டதையும். அவளுக்கு மட்டும் அந்த முழுத் தட்டலையும் இரண்டு முறை தட்டினார்களாம். அடுத்த மாதம் கிளப் வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர் வந்தது. இடப்பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த குண்டான அக்கா. வலப்பக்கம் பச்சை டி-ஷர்ட்டில் மெலிந்த அக்கா. நடுவில் ஒரு பெரிய அம்புக்குறி. "குறை இருக்கிற எடத்துலதான் நான் அம்பு ஒட்டுவேன், இவங்க எனக்கே ஒட்டிட்டாங்க" என்று சிரித்தாள். ஸ்டேஷனுக்குப் போகிற பெண்கள் பேனரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இரண்டு பேர் நிறுத்தி விசாரித்து, கிளப்பில் சேர்ந்து, தாங்களும் மாத்திரையை விட்டார்கள். அவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் பார்த்ததில்லை.

மழைக்காலம் வந்தபோது தாகமும் வந்தது. இரவில் எழுந்து எழுந்து போனாள். விரலைக் குத்திப் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தது. மாமா வற்புறுத்தி ஒருநாள் குத்திப் பார்த்தார். வெறும் வயிற்றில் இருநூற்றைத் தாண்டியிருந்தது. அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அக்கா கருவியை அதன் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"போட்டுக்கம்மா அந்த மாத்திரைய" என்றார் மாமா. "யாரு உன்ன கேக்கப் போறாங்க?"

"நான் சாட்சி சொல்லிட்டேன்."

"அது இன்னா கோர்ட்டா? ஜட்ஜு கூப்ட்டு கேப்பாரா?"

"தெனம் காலைல அந்த வட்டத்துல நிக்கறேன். வாசல்ல என் படம் தொங்குது. உள்ள மாத்திரைய முழுங்கிட்டு வெளிய வந்து கை தட்டல வாங்கிக்கறதா? அதுக்குப் பேரு இன்னா?"

"அப்போ போய் நிறுத்தினது தப்புனு சொல்லிடு."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்திருந்தால் அன்றிரவே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். பொய்யும் சொல்ல முடியாமல், பின்மாறவும் முடியாமல், மூன்றாவதாக ஒரு வழியைக் கண்டுபிடித்தாள்: இன்னும் அதிகமாகக் குதிப்பது. பயிற்சி முடிந்து மற்றவர்கள் ஷேக் குடிக்க உட்கார்ந்த பிறகும் தனியாகக் குதித்தாள். ஷேக்கை இரண்டு வேளையாக்கினாள். சர்க்கரை தன்னை விட்டுப் போய்விட்டது, இது ஏதோ இடையில் வந்த சோதனை என்று நம்பினாள். ஆறரை வந்த ரிப்போர்ட்டை அவள் சந்தேகிக்கவே இல்லை. நானும் சந்தேகிக்கவில்லை.

ஒருநாள் காலையில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குனிந்து கால்விரலைத் தொட்டு நிமிர்ந்தபோது வலக்கண்ணுக்கு முன்னால் ஒரு கருப்பு நூல் விழுந்தது. கம்பெனியில் இமை முடியில் நூல் ஒட்டுவது வழக்கம். ஆகவே இரண்டு விரலால் அதை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. கண்ணாடி முன்னால் போய் நின்று மறுபடியும் எடுக்கப் பார்த்தாள். நூல் இரண்டானது. பிறகு, தண்ணீரில் டிகாஷன் விட்டதுபோல் மெல்லப் பரவி, கண்ணாடியில் இருந்த அவளுடைய முகத்தை மூடியது. அப்போதும் அவள் ஷேக்கைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள். மதியம் சூப்பர்வைசர் அவள் பார்த்து அனுப்பிய குவியலிலிருந்து ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலரில் விரல் நுழையும் அளவுக்குத் தையல் விட்டிருந்தது.

நகரத்திலுள்ள ஒரு கண் மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து விட்டு, காத்திருக்க வைத்து, இரண்டு கண்களையும் பார்த்த டாக்டர் வயதில் சிறியவர், நிதானமாகப் பேசினார். சர்க்கரையால் விழித்திரையில் பலவீனமான புது ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தன. வலக்கண்ணில் அவற்றில் ஒன்று உடைந்து ரத்தம் உள்ளே நிறைந்திருந்தது. இடக்கண்ணிலும் அதே குழாய்கள் இருந்தன, இன்னும் உடையவில்லை.

"குதிச்சதாலயா டாக்டர்?" என்று கேட்டாள் அக்கா.

"குதிக்கிறது நல்லதுதாம்மா. ஆனா இது குதிக்கக் கூடாத கண்ணு. மொதல்ல ஒரு தடவ வந்து காட்டியிருந்தா சொல்லியிருப்போம்."

"மூணு மாச சுகர் ஆறரைதான் டாக்டர் இருந்துச்சு."

அதைச் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் கேட்கச் சொன்னார் அவர். அந்தக் கேள்விக்கு அம்பத்தூரில் எங்கள் குடும்ப டாக்டர்தான் பதில் சொன்னார். ஒரு பழைய மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டுக் காட்டினார். சிவப்பணுக்களின் மேல் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். அணு ஒன்று சுமார் மூன்று, நான்கு மாதம் உயிரோடு இருக்கும். அத்தனை நாளில் எவ்வளவு ஒட்டியது என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. இரும்புச்சத்து குறைந்த ரத்தத்தில் வயதான அணுக்கள் அதிகம், அதனால் கணக்கு கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். இரும்பு மாத்திரை சாப்பிட்டதும் புது அணுக்கள் கூட்டமாக வந்தன. அவற்றின் மேல் சர்க்கரை ஒட்ட நேரமே இல்லை.

"சக்கர கொறஞ்சது நெஜம்தாம்மா. நீங்க ஒடம்ப அசைச்சதுக்கு கொறஞ்சிருக்கும், சாப்ட்டுகினு இருந்த சுகர் மாத்திரைக்கும் கொறஞ்சிருக்கும். ஆனா ஆறரைனு காட்டுச்சே, அதுல ஒரு பங்கு புது ரத்தத்தோட வேல. புது ரத்தம் வந்தா, பழைய சக்கர அதுல தெரியாது."

"அப்போ ரிப்போர்ட் பொய்யா?"

"பொய் இல்ல. ரத்தத்துல இருந்தத சொல்லுச்சு. உங்கள சொல்லல."

அக்கா அந்த வட்டங்களை இடக்கண்ணால் குனிந்து பார்த்தாள். அவளுக்கு எந்த அளவுக்குத் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. உடம்பு தேறியதன் அடையாளமாக அவள் பார்த்தது, உடம்பு தேறாததை மறைத்திருந்தது. வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது ஒன்றை மட்டும் சொன்னாள்: "நல்ல மாத்திரதானடா அந்த இரும்பு."

லேசர் வைத்தார்கள். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். ஓர் அறுவை சிகிச்சையும் ஆனது. இடக்கண் தப்பியது, ஆனால் முன்போல் இல்லை. ஓரங்கள் மங்கின. வலக்கண்ணில் வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. சர்க்கரைக்கு மாத்திரை போதாமல் இன்சுலின் ஆரம்பித்தார்கள். கம்பெனியில் அவளைச் செக்கிங்கிலிருந்து எடுத்து, பட்டன் பைகளை அடுக்கும் இடத்தில் போட்டார்கள். பட்டனின் அளவு தடவினால் தெரிந்தது, நிறம் தெரியவில்லை. வெள்ளையும் கிரீமும் ஒரே பையில் போய் ஒரு லாட் திரும்பி வந்தது. வீட்டில் இருந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். வழியனுப்பு நாளில் அவளுக்குக் கொடுத்த புடவையின் கரையில் நூல் பிரிந்திருந்தது. அதை நான் பார்த்தேன், சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்து என்னைப் போனில் கூப்பிட்டாள். காலையில் வந்து கிளப்புக்கு அழைத்துப்போக வேண்டும் என்றாள்.

பக்கத்தில் மாமாவின் குரல் கேட்டது. "இன்னாத்துக்கு இப்போ? போனது போச்சு. கண்ணு திரும்பி வந்துடுமா?"

"என் பேச்சக் கேட்டுகினு ரெண்டு பேரு மாத்திரைய நிறுத்திகீறாங்க. அவங்க கண்ணு இன்னும் போவல."

"போன் பண்ணிச் சொல்லேன்."

"நின்னு சொன்னத நின்னுதான் சொல்லணும்."

போனோம். வாசலில் பேனர் அப்படியே இருந்தது. வெயிலில் வெளுத்து, இரண்டு அக்காக்களும் ஒரே நிறத்துக்கு வந்திருந்தார்கள். என் கையைப் பிடித்து அவள் செருப்பைக் கழற்றினாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கோச் ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்தார். அவர் கண் கலங்கியது நிஜம்தான். "சிஸ்டர், எவ்ளோ நாளாச்சு! நீங்க இல்லாம கிளப்பே டல்லு" என்றார்.

வட்டம் கூடியது. அக்கா ஒரு அடி முன்னே வைத்தாள். எந்தப் பக்கம் பார்த்துப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்பீக்கர் இருந்த திசையைப் பார்த்துப் பேசினாள்.

"நான் இங்க நின்னு மாத்திரைய விட்டுட்டேன்னு சொன்னேன். அது தப்பு. எனக்கு சக்கர போவல. ரத்தம் புதுசா வந்ததால ரிப்போர்ட்ல கம்மியா காட்டுச்சு. என் ஒரு கண்ணு போச்சு, இன்னொண்ணு பாதி போச்சு. எக்சசைஸ் பண்ணுங்க, நல்லது. ஆனா கண்ணக் காட்டிட்டு குதிங்க. மாத்திரைய விட்டவங்க டாக்டரப் பாத்து திரும்பப் போடுங்க. நான் சொன்னத வெச்சி விட்டவங்க இருந்தீங்கன்னா, உங்களத்தான் சொல்றேன்."

தெருவில் பால் வண்டி ஒன்று போனது. கோச் என்ன செய்வது என்று தெரியாமல் வட்டத்தைப் பார்த்தார். யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, கைதட்டல் வந்தது. மூன்று தட்டு, இடைவெளி, மறுபடியும் மூன்று. யாரும் கேலியாகத் தட்டவில்லை. ஒருவர் பேசி முடித்தால் அங்கே அதைத்தான் செய்வார்கள். கோச்சும் தட்டினார். அடுத்த பெண் முன்னே வந்து, தான் இரண்டு கிலோ குறைந்ததாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு கேட்டாள்.

"அவங்க ரெண்டு பேரும் இருந்தாங்களா?"

"எனக்கு அவங்களத் தெரியாதேக்கா. எல்லாரும் அதே பச்ச டி-ஷர்ட்டு."

"தட்டாம யாராவது நின்னாங்களா? கேட்டுகினு, யோசிச்சுகினு?"

நான் பார்த்திருந்தேன். செருப்புகள் கிடந்த பக்கம் ஒரு பெண் தட்டவில்லை. அதைச் சொன்னேன். அக்காவின் பிடி என் முழங்கையில் இறுகியது.

"யாருடா? உயரமா, கண்ணாடி போட்டுகினா?"

"உயரந்தான். கண்ணாடி கவனிக்கல." இதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா ஷேக் கிளாச ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தாங்கக்கா. தட்டறதுக்குக் கை காலி இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். தெருவில் தோண்டிப் போட்டிருந்த ஒரு பள்ளம் வந்தது. "பள்ளம்" என்றேன். நின்றாள். காலால் அதன் விளிம்பைத் தேடினாள்.